பதினோரு டன் வீடு

ஒரு வீடு எத்தனை டன் என்று கேட்டால் சிறுவாச்சூரில் சிரிப்பார்கள். நீளம் கேட்கலாம், அகலம் கேட்கலாம், வாசல் எந்தத் திசை என்று கேட்கலாம். எடை கேட்பதற்கு வீடு என்ன புளி மூட்டையா? ஆனால் அதைக் கேட்பதற்கென்றே பெரம்பலூரில் ஓர் ஆபீஸ் திறந்தார்கள். இரண்டாயிரத்து ஒன்று கடைசியில் திறந்த அந்த ஆபீஸின் பெயர், கட்டுமானக் கழிவு ஒழிப்பு மற்றும் வளங்குன்றா வளர்ச்சி ஒருங்கிணைப்பு மையம். பெயர் எழுத வந்த பெயிண்டர், பலகையில் இடம் போதாமல், கடைசிச் சொல்லைப் பக்கத்துச் சுவரில் எழுதிவிட்டுப் போனார். அவ்வளவு நீளத்துக்கு வாயைத் திறக்க ஊரில் யாருக்கு நேரம் இருக்கிறது? ஒழிப்பு ஆபீஸ் என்று சுருக்கிவிட்டார்கள். சுருக்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது பெரியம்மாளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பெரியம்மாள் சிறுவாச்சூர்க்காரி. கட்டட வேலையில் சித்தாள். பதினெட்டு வருஷமாகக் கலவைச் சட்டி சுமந்து உச்சந்தலையில் முடி வட்டமாகக் கொட்டிப்போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கட்டட வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் சட்டி கழுவிக் கவிழ்த்த பிறகு, சித்தாள்கள் இடத்தைக் கூட்டிவிட்டு, அன்றைய உடைசலில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகலாம். அரைச் செங்கல், கால் செங்கல், மூட்டையை உதறினால் விழுகிற சிமெண்ட், வளைந்த கம்பித் துண்டு. எந்த மேஸ்திரியும் தடுக்கமாட்டார். யாரும் எழுதிக் கொடுக்காத உரிமை அது. மற்ற பெண்கள் அடுப்புக் கட்ட, கோழிக்கூண்டு கட்ட என்று எடுத்துப் போவார்கள். பெரியம்மாள் வீடு கட்ட எடுத்துப் போனாள்.

ஒன்பது வருஷம் ஆயிற்று. அவள் புருஷன் அமாவாசை, அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வளைந்த கம்பிகளைச் சுத்தியலால் தட்டி நேராக்கினான். தரைக்கு ஏழு நிறத்தில் உடைந்த மொசைக் துண்டுகள். ஜன்னலுக்கு எங்கோ பிடுங்கிப் போட்ட கம்பி. இரண்டு அறை, ஒரு அடுப்படி, மேலே கான்கிரீட். அந்த வீட்டில் ஒரு முழுச் செங்கல் கிடையாது. ஒழுகுகிற இடமும் கிடையாது.

அவ்வளவு பாடு எதற்கு? மகள் சசிகலாவுக்காகத்தான். சசிகலாவைக் குரும்பலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. சம்பந்தி உண்ணாமலை கொஞ்சம் கறார். நிச்சயத்தன்றே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"பொண்ணு புடிச்சிருக்கு சம்பந்தி, அதுல கொறையில்ல. ஆனா தலைப்பிரசவத்துக்கு ஓலை வூட்டுக்கு என் மருமவள அனுப்பமாட்டேன். இப்பவே சொல்லிப்புட்டேன்."

அந்தச் சொல் பெரியம்மாளுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. தாய்வீட்டில் பிள்ளை பெற முடியாத மகள் என்றால் தாய் இருந்து என்ன பயன்? சசிகலா முழுகாமல் இருக்கிறாள் என்று கார்த்திகையில் சேதி வந்தபோது, மேல்கான்கிரீட் காய்ந்து வெள்ளையடித்து முடிந்திருந்தது. பெரியம்மாள் வெள்ளிக்கிழமை மதுரகாளி கோவில் நடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சூடம் ஏற்றினாள்.

தை மாதம் ஒழிப்பு ஆபீஸின் தொடக்க விழா வந்தது. பெரம்பலூர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் சேர்க்க ஆள் வேண்டுமே, நடந்துகொண்டிருந்த எல்லாக் கட்டடங்களிலிருந்தும் வேலையாட்களை லாரியில் அள்ளிப்போனார்கள். மேஸ்திரி வீரமுத்து கெஞ்சினார்.

"கலவை போட்டு வச்சிருக்கு சார். ஒரு மணிநேரம் குடுங்க, பூசிட்டு வந்துடறோம்."

கொடுப்பார்களா? கழிவைக் குறைக்கும் விழாவுக்காக அன்று ஊர் முழுக்க எத்தனை சட்டிக் கலவை கல்லானது என்று எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. மண்டபத்தில் மேடை நீளத்துக்குத் தெர்மாகோல் எழுத்து: வீணாக்காதே. ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாக்கெட், ஒரு பிளாஸ்டிக் தொப்பி.

உதவி இயக்குநர் கிருஷ்ணமூர்த்தி பேசினார். பளபளவென்று பழுப்பு நிற ஷூ போட்டிருந்தார்.

"பெரியோர்களே, கழிவு எங்கே இருக்கிறது? அதைத்தான் நாங்கள் இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த ஆண்டு நமக்குக் கொடுத்திருக்கும் இலக்கு ஐந்நூறு டன். இந்தப் பகுதி மக்களோ உடைந்த ஓட்டைக்கூட வெளியே போடுவதில்லை. இப்படியே போனால் நாங்கள் எதை ஒழிப்பது? கழிவு இருந்தால்தானே கழிவைக் குறைக்க முடியும்? ஆகவே பொதுமக்கள் தாராளமாக ஒத்துழைக்க வேண்டும்."

கைதட்டினார்கள். மேடை ஓரத்தில் நின்றவர் கைகாட்டினால் தட்ட வேண்டும் என்று லாரியிலேயே சொல்லியிருந்தது. பிறகு கிருஷ்ணமூர்த்தி, "உங்களில் கழிவைப் பயன்படுத்தியவர் யாராவது உண்டா?" என்று கேட்டார். வீரமுத்து பெரியம்மாளை முழங்கையால் இடித்தார்.

"போ பெரியம்மா. போய்ச் சொல்லு. எதாவது குடுப்பாங்க."

பெரியம்மாள் மேடை ஏறினாள்.

"என் வூடே ஒடசல்ல கட்டினதுதாங்க சார்."

அந்த ஒரு வரிதான் அவள் செய்த தப்பு. கிருஷ்ணமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்து முடிந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இருந்தது ஒன்றே ஒன்று, அடுத்த விழாவுக்கு வேண்டுமாம்.

மாசியில் ஜீப் வந்தது. கிருஷ்ணமூர்த்தியும் உதவியாளர் ராஜராஜனும் இறங்கினார்கள். பெரியம்மாள் வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். பழுப்பு ஷூ கோலத்தின் நடுவே ஏறி நேராக உள்ளே வந்தது.

"சார், கோச்சுக்காதீங்க, சாமி படம் இருக்குது. செருப்ப மட்டும் வெளியே..."

"ஏம்மா, விதி எட்டு தெரியுமா உனக்கு? கழிவு வச்சிருக்கிற இடத்துக்குள்ள காலணி இல்லாம நுழையக் கூடாது. எங்க பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

ராஜராஜன் படிவத்தை விரித்தார். வீடு என்று எழுத அதில் கட்டமே இல்லை. கழிவின் வகை என்ற இடத்தில் செங்கல் உடைசல் என்று எழுதினார். வைத்திருக்கும் முறை? குவித்ததா, அடுக்கியதா?

"அடுக்கித்தான் வச்சிருக்காங்க சார். மேல பூசியும் இருக்கு."

"அடுக்கியதுன்னு போடு. எவ்வளவு நாளா இருக்குதும்மா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி.

பாவம் அமாவாசை, பெருமை தாங்கவில்லை அவனுக்கு. "ஒம்போது வருசமா சேத்ததுங்க சார்! ஒரு கல்லு வெளியில வாங்கல!" என்றான். டீ வரவழைத்துக் கொடுத்தான். அவர்கள் நாடா பிடித்துச் சுவரை அளந்து, பெருக்கி, வகுத்து, பதினோரு டன் என்று எழுதினார்கள். பரிசுக்குத்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்று பெரியம்மாள் நினைத்தாள். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை ஒரு எழுத்து பிசகாமல் போட்டாள்.

பங்குனியில் பதிவுத் தபாலில் வந்ததை வீரமுத்து வாசித்தார். விதி பதினாலின்படி, தொண்ணூறு நாளுக்கு மேல் சேர்த்து வைத்த கட்டுமானக் கழிவு அகற்றப்பட வேண்டும். தாங்கள் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பதாகத் தாங்களே கையொப்பமிட்டிருக்கும் பதினோரு டன் கழிவு, பதினைந்து நாளில் அரியலூர்க் கிடங்குக்கு எடுத்துச் செல்லப்படும்.

அவள் அலறியடித்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினாள்.

"அது வூடுங்க சார்! என் வூடு! பொண்ணு பிரசவத்துக்கு வருது சார்!"

கிருஷ்ணமூர்த்தி கோபப்படவில்லை. நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். "பதறாதேம்மா. உன் வீட்டை யாரு தொடறா? வீட்டைத் தொட எங்களுக்கு அதிகாரமே கிடையாது. அதுல இருக்கிற கழிவை மட்டும்தான் எடுக்கிறோம். எடுத்தது போக மீதி வீடு உனக்குத்தான்."

"எடுத்தா என்னங்க சார் மீதி இருக்கும்?"

"அது எங்க துறையில வராது."

கிடங்கு அரியலூரில் இருப்பதால் முறையீட்டை அங்குள்ள கிளையில் கொடுக்க வேண்டும் என்றார்கள். அங்கேயும் போனாள். அவள் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்த நேரம் பாருங்கள், அரியலூர் மாவட்டத்தையே பெரம்பலூரோடு சேர்த்து உத்தரவாகி, கிளை ஆபீஸ் வாசலில் ஒருவர் ஏணி மேல் நின்று பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மனு குடுக்கணுங்க."

"யாருக்கும்மா குடுப்ப? இங்க மாவட்டமே இல்ல."

"நேத்து இருந்துச்சா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. இனிமே எல்லாம் பெரம்பலூருதான். ஃபைல் கட்டி அனுப்பிட்டோம். போய்ச் சேர ரெண்டு மாசம் ஆவும்."

ஒரு வருஷமும் சில மாதமும் உயிரோடிருந்த மாவட்டத்தின் பெயர் தாங்கிய தகரப் பலகையைக் குப்பைமேட்டில் சாத்திவிட்டு அவர் போனார். பெரியம்மாளின் பதினெட்டு வருஷக் கை சும்மா இருக்குமா? பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நல்ல கனமான தகரம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

சித்திரையில் லாரி வந்தது. வீரமுத்துவின் ஆட்கள் கை வைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், வெளியூர் ஆட்களைக் கொண்டு இடித்தார்கள். ஒன்பது வருஷம் கட்டியதை அள்ளிப்போட ஒரே பகல் போதுமாக இருந்தது. ஏழு நிறத் தரையைக் கடப்பாரையால் பெயர்த்தபோது அமாவாசை துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எடைமேடையில் நிறுத்திப் பார்த்தால் ஒன்பதே கால் டன்தான் இருந்தது. கிருஷ்ணமூர்த்திக்கு வியர்த்துவிட்டது. பதிவேட்டில் பதினோரு டன் ஏறியாகிவிட்டதே! அடுத்த தபாலில் பெரியம்மாளுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது: மீதி ஒன்றே முக்கால் டன் கழிவை எங்கே மறைத்து வைத்திருக்கிறீர்கள்? அவள் பதில் எழுதாததால், கொல்லையில் இருந்த ஆட்டுப்பட்டிச் சுவரையும், அதுவும் போதாமல் அஸ்திவார மண்ணையும் வெட்டி ஏற்றிக் கணக்கை நேர் செய்தார்கள். மிச்சம் கிடைத்தது ஒரு பள்ளம். அதன் கரையில் சாக்குப் படுதா கட்டிக் குடியிருந்தார்கள்.

கதை இதோடு முடிந்தால் இது சாதாரண ஆபீஸ் என்று விட்டுவிடலாம். சென்னையிலிருந்து ஓர் உயர்நிலைக் குழு ஆவணியில் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. குழுவுக்குக் காட்ட, கழிவைக் கொண்டே கட்டிய ஒரு மாதிரி வீடு ஆபீஸ் வளாகத்தில் வேண்டுமாம். வீரமுத்துவைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார்கள்.

"கிடங்குல பதினோரு டன் கெடக்குதே சார், அதையே எடுத்துட்டு வந்துடலாமே?"

"அது எப்படி முடியும்? அது ஒழிக்கப்பட்ட கழிவு. ஒழிச்சாச்சுன்னு அறிக்கை போயிடுச்சு. இல்லாத பொருளை எப்படி எடுத்துட்டு வர்றது?"

ஆகவே சூளையிலிருந்து புதுச் செங்கல் இறங்கியது. பெரியம்மாளும் சித்தாளாக வந்திருந்தாள், வயிறு இருக்கிறதே. அவள் கையில் சுத்தியலைக் கொடுத்து, செங்கலை ஒவ்வொன்றாக உடைக்கச் சொன்னார்கள். சிவக்கச் சிவக்க வெந்த, தட்டினால் மணிபோல் கேட்கிற கல். அவளுக்குக் கை எழவில்லை.

"முழுக்கல்லு மேஸ்திரி. இதுல ஒன்னுகூட என் வூட்டுக்குக் கெடைக்கல. இத எப்புடி ஒடைக்கறது?"

வீரமுத்து தலையைத் திருப்பிக்கொண்டார். கிருஷ்ணமூர்த்தி மேற்பார்வைக்கு வந்தார். "எல்லாம் ஒரே அளவா உடையுதேம்மா. கொஞ்சம் இயற்கையா உடை" என்றார். உடைத்ததில் தூளும் துணுக்குமாக இரண்டு டன் சேர்ந்தது. அதுதான் அந்த ஆபீஸ் கண்ணில் கண்ட முதல் உண்மையான கழிவு. உடனே லாரியில் ஏற்றி இலக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

வைகாசிக் கடைசியில் நாடா வெட்டினார்கள். இரண்டு அறை, ஒரு அடுப்படி. பெரியம்மாள் போட்டிருந்த அதே அமைப்புத்தான், ராஜராஜனின் படிவத்தில் அந்த அளவுதானே இருந்தது. பூட்டினார்கள். கூட்டிப் பெருக்க ஓர் ஆள் வேண்டுமென்று, உடைசலைப் பற்றி விவரம் தெரிந்தவள் என்பதால், சாவியைப் பெரியம்மாளிடமே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வளாகத்தின் பின்பக்கம் ஓர் அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனியில் உண்ணாமலையிடமிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும்.

பெரியம்மாள் பள்ளத்தைப் பார்த்தாள். இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, வேணாம். அரசாங்கத்து வூடு" என்று அமாவாசை நடுங்கினான்.

"எது அரசாங்கத்து வூடு? என்னுதப் புடுங்கிட்டுப் போனாங்களே, அப்ப எங்க போச்சு அரசாங்கம்? ஒவ்வொரு கல்லும் நான் ஒடச்சது. நீ சும்மா வா."

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் ஈ காக்கை இல்லை. உண்ணாமலை சுவரைத் தட்டினாள், குழாயைத் திறந்து பார்த்தாள், மேலே பார்த்தாள். வாசலில் இருந்த பலகை என்ன என்று கேட்டாள்.

"மாதிரி வூடுன்னு எழுதிருக்குதுங்க சம்பந்தி" என்றான் அமாவாசை, பொய் சொல்லத் தெரியாமல்.

"பாத்தியா! ஊரே பாத்துக் கட்டிக்கட்டும்னு பலகையே வச்சிருக்காங்க. டவுனுக்குள்ள வேற இருக்குது. நான் அன்னைக்கு வாய்க்கு வந்தத பேசிப்புட்டேன் சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க."

ஏமாற்றுகிறோமே என்று பெரியம்மாளுக்கு ஒரு கணம் கூசியது. மறு கணம், யார் யாரை ஏமாற்றியது என்று நினைத்துக்கொண்டு வளையலை எடுத்து மகள் கையில் போட்டாள். சசிகலா அங்கேயே தங்கிவிட்டாள். ராஜராஜன் திங்கட்கிழமை வந்து அடுப்பு எரிவதைப் பார்த்தார். கொடுத்த புளிச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. அன்று காலையில்தான் சசிகலாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவுக்கு ஆள் போனது, ஆட்டோ வருவதற்குள் பக்கத்துத் தெரு நர்ஸம்மா வந்துவிட்டார், இனிமேல் அசைக்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். குளிப்பாட்ட மறைவு வேண்டுமே என்று அமாவாசை பின்வாசலில் அந்த அரியலூர்த் தகரப் பலகையை உட்கார்ந்தபடியே இழுத்துச் சாத்தினான்.

முன்வாசலில் குழுத் தலைவரும் நாலு பேரும் நின்றார்கள். கிருஷ்ணமூர்த்தி பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கே எதுவும் வீணாவதில்லை சார். ஒரு துண்டுச் செங்கல்கூடப் புதிதாக வாங்கவில்லை. இது வெறும் கட்டடம் இல்லை, உயிருள்ள ஒரு..."

உள்ளேயிருந்து வீரென்று குழந்தை அழுதது.

எல்லாரும் பூட்டில்லாத கதவைப் பார்த்தார்கள். "உள்ளே யார் மிஸ்டர் கிருஷ்ணமூர்த்தி?" என்று தலைவர் கேட்டார்.

தெரியாது என்று சொன்னால், தன் வளாகத்துக்குள் ஒரு பிரசவம் நடப்பதே தெரியாத அதிகாரி. தெரியும் என்றால், தெரிந்தும் விட்டுவைத்தவர். இருபத்தாறு வருஷ அனுபவம் சும்மாவா? ஒரு மூச்சுக்குள் சொன்னார்:

"பயனாளி, சார்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். எத்தனையோ ஊரில் எத்தனையோ மாதிரி வீடு பார்த்துவிட்டாராம், மனுஷர் குடியிருக்கும் மாதிரி வீட்டை இங்கேதான் பார்க்கிறாராம். அறிக்கையில் முதல் பக்கத்தில் போட வேண்டும், பயனாளி இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பதற்கு ஒரு சான்று இப்போதே கொடுங்கள் என்றார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, பச்சை மையில், சிறுவாச்சூர் அமாவாசை மனைவி பெரியம்மாள் குடும்பத்தோடு இவ்வீட்டில் நிரந்தரமாக வசித்து வருகிறார் என்று கிருஷ்ணமூர்த்தி தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். தாளுக்கு அடியில் கார்பன் வைத்திருந்த ராஜராஜன், விழுந்த நகலைச் சத்தமில்லாமல் அமாவாசையிடம் கொடுத்தார்.

"குழந்தையைப் பார்க்கலாமா?" என்றார் தலைவர்.

கதவு திறந்தது. பெரியம்மாள் ஈரக்கையோடு வந்து வாசல் நிலையில் நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை கீழே பழுப்பு ஷூவின் மேல் இருந்தது.

"செருப்ப வெளியே வுட்டுட்டு வாங்க சார்."

கிருஷ்ணமூர்த்தி பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். "விதி எட்டின்படி, கழிவு வச்சிருக்கிற..."

"கழிவா?" என்று தலைவர் திரும்பினார். அவர் ஏற்கெனவே குனிந்து தன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"புள்ள பெத்த வூடு சார் இது" என்றாள் பெரியம்மாள்.

கிருஷ்ணமூர்த்தி குனிந்தார். கயிற்று முடிச்சு இறுகிக் கிடந்து அவிழ மறுத்தது. ஒரு காலில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் போராடினார். பெரியம்மாள் அவசரப்படுத்தவில்லை. இரண்டு ஷூவும் வாசலில் இறங்கிய பிறகுதான் வழியை விட்டாள்.